பட்டறைக் கேள்வி பதில்: பல்ஸ் வைத்தும் பொத்தல் ஏன்?

கேள்வி: சேலம் கொண்டலாம்பட்டியில் லாரி பாடி பட்டறை வைத்திருக்கிறேன். அலுமினிய வெல்டிங்குக்காகவே பல்ஸ் மிக் மெஷின் (வயர் தானாக வந்து உருகும், கரண்ட் ஏறி இறங்கும் வெல்டிங் மெஷின்) வாங்கினேன். 2 மி.மீ. தகடு இப்போது உருகி ஓட்டை விழுவதில்லை. ஆனால் கிரைண்டர் வைத்தால் பீடுக்குள் (வெல்டிங் போட்ட வரிக்குள்) ஊசி குத்தினாற்போல் பொத்தல், மேலே கரி வேறு. மெஷின் விற்றவர் "பல்ஸை இன்னும் ஏத்திப் பாருங்க" என்கிறார். ஏற்றலாமா?

பதில்: வேண்டாம், பல்ஸ் செட்டிங்கைத் தொடாதீர்கள். கரண்ட் உச்சத்துக்கு ஏறும் ஒவ்வொரு தடவையும் வயர் நுனியிலிருந்து ஒரு சொட்டு கழன்று விழும்படியும், இடைநேரத்தில் ஆர்க் (வயருக்கும் தகட்டுக்கும் நடுவே எரியும் மின்பொறி) அணையாத அளவுக்கு மட்டும் கரண்ட் ஓடும்படியும் பார்த்துக்கொள்வதுதான் பல்ஸின் வேலை. மொத்தச் சூடு குறைகிறது, மெல்லிய தகடு தப்பிக்கிறது, அவ்வளவுதான். எண்ணெயையும் ஈரத்தையும் அது துடைத்துத் தராது. உங்கள் பொத்தலுக்குக் காரணம் பெரும்பாலும் ஹைட்ரஜன். தகட்டில் இருக்கும் எண்ணெய், ஈரம், கை வியர்வை எல்லாவற்றிலிருந்தும் அது வரும். உருகிய அலுமினியம் அதைத் தாராளமாகக் குடிக்கும், உறையும்போதோ ஏறக்குறைய 20இல் ஒரு பங்கைத்தான் உள்ளே வைத்துக்கொள்ள முடியும், மிச்சம் வெளியேற நேரமில்லாமல் குமிழாக நின்றுவிடுகிறது.

முதலில் அசிட்டோன், அப்புறம் ஸ்டெயின்லெஸ் பிரஷ். பலர் தலைகீழாகச் செய்து எண்ணெயைத் தகட்டுக்குள்ளேயே தேய்த்துவிடுகிறார்கள். இரும்பில் போட்ட பிரஷ் இதற்கு ஆகாது. மேலே இருக்கும் ஆக்சைடு படலத்தையும் அதே பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள், அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அந்தப் படலம் 2,000 டிகிரி தாண்டினால்தான் உருகும்.

கரி விஷயம்: இரும்பில் பழகிய கை டார்ச்சை இழுத்துக்கொண்டே போகும். அலுமினியத்தில் 10, 15 டிகிரி சாய்த்துத் தள்ளிக்கொண்டு போக வேண்டும், அப்போதுதான் உருகிய இடத்தில் காற்றுப் படாமல் காக்கும் கேஸ் முன்னால் போய் மூடும். 5356 வயர் (மெக்னீசியம் கலந்த அலுமினிய வயர்) என்றால் அந்த மெக்னீசியத்தால் லேசாகக் கரி படியத்தான் செய்யும். துணியால் துடைத்தால் போகிற கரிக்குக் கவலைப்படாதீர்கள்.

கேள்வி: ஏற்காட்டில் அலுமினிய கேட், கைப்பிடி வேலை செய்கிறோம். மதியம் நன்றாக வரும் வெல்டிங் காலையில் மட்டும் பொத்தலாக வருகிறதே?

பதில்: மூடுபனிதான். ராத்திரி முழுக்கக் குளிர்ந்த தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் ஈரம் படிந்திருக்கும். தகட்டை முந்தின நாளே பட்டறைக்குள் எடுத்து வையுங்கள்; வேலை முடிந்ததும் வயர் ஸ்பூலை மெஷினிலேயே விடாமல் கழற்றி, மூடிய பெட்டியில் வையுங்கள். மலைக்காற்று கேஸை அடித்துக்கொண்டு போகும் என்பதால் தடுப்பும் தேவை. (சேர்வராயன் மலை பாக்சைட்டில்தான் ஒரு காலத்தில் மேட்டூரில் அலுமினியம் எடுத்தார்கள், அதே மலையில் அலுமினியம் இப்படிப் படுத்துகிறது!)

கேள்வி: இரும்புக்கு வைத்திருக்கும், பல்ஸ் இல்லாத பழைய சிஓ2 மெஷினிலேயே அலுமினியம் போடலாமா?

பதில்: 5 மி.மீ.க்கு மேல் தடிமன் இருந்து, மெஷினில் கரண்டும் போதுமென்றால் போடலாம். கேஸ் சுத்தமான ஆர்கான்தான், சிஓ2 கலந்தது கூடாது. டெஃப்லான் லைனர் (வயர் போகும் உள்குழாய்), யு வடிவ ரோலர் (வயரைத் தள்ளும் சக்கரம்) மாற்றுங்கள், இல்லாவிட்டால் மெத்தென்ற அந்த வயர் ரோலரிலேயே சுருண்டு சிக்கிக்கொள்ளும்.