போர்க்கால மெடல், ஹெல்மெட், வாள்: வாங்கறதுக்கு முன்னாடி கேளுங்க

போர்க்கால பழைய சாமான் சேக்கறத பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்த கேள்விகள ஒண்ணா சேத்து பதில் எழுதியிருக்கேன்.

கேள்வி: சார், மெடல், ஹெல்மெட் எல்லாம் சேக்க ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். விக்கிறவங்க எல்லாரும் "இது ஆரம்பகால கலெக்‌ஷன்ல இருந்து வந்த சரக்கு"ன்னு சொல்லி ரேட் ஏத்தறாங்க. இந்த ஹாபி எப்பதான் ஆரம்பிச்சுது, பழைய கலெக்‌ஷன்னா ஏன் அவ்ளோ மதிப்பு? (கோயம்புத்தூர்)

பதில்: தம்பி, நீங்க நினைக்கறத விட இது ரொம்ப பழசு. 1815 ஜூன்ல பெல்ஜியத்துல நெப்போலியன் தோத்த வாட்டர்லூ சண்டை முடிஞ்சுது, ஆகஸ்ட்லயே ஸ்காட்லாந்து எழுத்தாளர் வால்டர் ஸ்காட் அங்க போயி மார்புக்கவசம் எல்லாம் வாங்கிட்டு வந்துட்டார், அவரோட ஆபட்ஸ்ஃபோர்ட் வீட்டுல அதெல்லாம் வச்சிருந்தார். சுத்துப்பட்டு விவசாயிங்க உழும்போது கிடைச்ச குண்டு, பட்டன், தொப்பி பேட்ஜ் இதையெல்லாம் டூரிஸ்ட்டுக்கு வித்தாங்க. அந்தச் சண்டையிலயே இருந்த எட்வர்ட் காட்டன்னு ஒரு குதிரைப்படை ஆள் பிற்பாடு அங்கயே கைடா உக்காந்து, தான் சேத்தத வச்சு ஒரு மியூசியமே நடத்தினார். இத ஏன் சொல்றேன்னா, டூரிஸ்ட்டுக்கு விக்கறதுக்குன்னே புதுசா பட்டனும் குண்டும் செஞ்சு வாட்டர்லூ சாமான்னு தள்ளிவிடறாங்கன்னு அந்தக் காலத்து பயணக் குறிப்புகள்லயே புகார் இருக்கு. சேக்கற பழக்கம் வந்த சூட்டோடயே டூப்ளிகேட்டும் வந்தாச்சு, அதனால "ரொம்ப பழைய கலெக்‌ஷன் சார்"ங்கற ஒரு வார்த்தைய மட்டும் நம்பி காசு குடுக்காதீங்க.

இத ஒரு வியாபாரமா பெருசாக்கினது அமெரிக்காவுல ஃப்ரான்சிஸ் பேனர்மன். உள்நாட்டுப் போர் முடிஞ்ச 1865ல ராணுவம் கழிச்சுப் போட்டத ஏலத்துல எடுத்து ப்ரூக்ளின்ல ஆரம்பிச்சார், 1898 ஸ்பெயின் போர் முடிஞ்சப்ப பிடிபட்ட ஸ்பானிஷ் தளவாடத்துல பத்துல ஒன்பது பங்க இவரே வாங்கினார்னு சொல்வாங்க. நியூயார்க் ஊருக்குள்ள அவ்வளவு வெடிமருந்த வச்சிக்க முடியாதுன்னு ஹட்ஸன் ஆத்துல ஒரு தீவையே 1900ல வாங்கி, கோட்டை மாதிரி ஒரு கோடவுன் கட்டினார், 1920ல அங்க வெடிமருந்து வெடிச்சு கட்டடத்துல ஒரு பகுதி போச்சு. அவர் போட்ட கேட்டலாக் படத்தோட விலையோட நூத்துக்கணக்கான பக்கம் இருக்கும், ஆரம்பகாலத்துல சேத்தவங்களுக்கு வாத்தியார் அந்த கேட்டலாக்தான். இன்னைக்கும் ஒரு பெல்ட் பக்கிள் எந்தக் காலத்துதுன்னு பாக்க அத எடுத்துப் புரட்டறவங்க இருக்காங்க.

அப்புறம் முதல் உலகப்போர். ஜெர்மன்காரங்களோட கூர் வச்ச தோல் தொப்பி, பிக்கல்ஹௌபேன்னு சொல்வாங்க, அது கிடைச்சா சிப்பாய்ங்க விடவே மாட்டாங்க. 1916ல ஜெர்மனி இரும்பு ஹெல்மெட்டுக்கு மாற ஆரம்பிச்சதும் தோல் தொப்பிக்கு கிராக்கி இன்னும் கூடிச்சு. போர் முடிஞ்சதும் அமெரிக்காவுல வார் பாண்டு, அதாவது போர்ச்செலவுக்கு அரசாங்கம் போட்ட கடன் பத்திரம், விக்கறதுக்காக இந்த மாதிரி தொப்பிகள ஆயிரக்கணக்குல அடுக்கி நியூயார்க்ல பிரமிட் மாதிரி நிறுத்தினாங்க, பாண்டு வித்துக் குடுத்தவங்களுக்கு பரிசாவும் குடுத்தாங்க. அதனால அந்த ஊர்ல ஒரு வீட்டுப் பரண்ல பிக்கல்ஹௌபே கிடைச்சா தாத்தா சண்டையில புடுங்கினதுன்னு உடனே முடிவு பண்ணக்கூடாது, பாண்டு வித்ததுக்கு வந்த பரிசாவும் இருக்கலாம்.

பழைய கலெக்‌ஷனுக்கு மதிப்பு வர்றதுக்கு காரணம் வயசு இல்ல, பேப்பர். 1942லயே இங்கிலாந்துல மெடல் ஆராய்ச்சிக்குன்னு ஒரு சங்கம் வந்துடுச்சு, அப்ப சேத்தவங்க ஒவ்வொண்ணுக்கும் எங்க வாங்கினது, யார்கிட்ட, எவ்வளவுன்னு சீட்டு எழுதி வச்சாங்க. அந்த சீட்டு, ஏல ரசீது, பழைய போட்டோ இதெல்லாம் கூட வந்தா எக்ஸ்ட்ரா காசு குடுக்கறதுல தப்பே இல்ல. சீட்டு இல்லாம வாய்வார்த்தையா வந்தா அந்தக் கதைக்கு ஒரு ரூபா கூட சேத்துக் குடுக்காதீங்க, பொருள் என்ன பெறுமோ அத மட்டும் குடுங்க.

கேள்வி: அண்ணா, எங்க தாத்தாவோட அப்பா முதல் போர்லயும், தாத்தா பர்மாவுலயும் இருந்தாங்க. டப்பாவுல ரெண்டு பேரோட மெடலும் கலந்து கெடக்குது, கருத்துப் போச்சு. நகைக்கடையில குடுத்து பாலிஷ் போடலாமா? வெள்ளி எடைக்கு எடுத்துக்கறேன்னு ஒருத்தர் கேக்கறார். (வேலூர்)

பதில்: அம்மா, தயவுசெஞ்சு பாலிஷும் வேணாம், எடைக்கும் வேணாம். மொதல்ல வட்டமா இருக்கற மெடல எடுத்து விளிம்ப வெளிச்சத்துல சுத்திப் பாருங்க. நம்பர், ரேங்க், பேரு, படைப்பிரிவுன்னு பொடி எழுத்துல இருக்கும். 1815 வாட்டர்லூ மெடல்ல இருந்து பிரிட்டிஷ்காரங்க இப்படி சாதாரண சிப்பாய்க்கும் பேர் பொறிச்சு குடுத்திருக்காங்க, அந்த விளிம்புதான் மெடலோட உயிர். பஃபிங் மெஷின்ல போட்டா மொதல்ல தேயறது அதுதான்.

அதுல "க்யூ.வி.ஓ. எஸ் அண்ட் எம்"ங்கற மாதிரி இங்கிலீஷ் எழுத்து இருந்தா அது மெட்ராஸ் சாப்பர்ஸ்ங்கற ராணுவ இன்ஜினியர் படை, அப்பல்லாம் அந்தப் படைக்கு விக்டோரியா ராணி பேரு இருந்துது. நம்ம வட ஆற்காட்டுப் பக்கத்து ஆளுங்க நிறைய பேர் அந்தப் படையில இருந்தாங்க. பெங்களூர்ல அவங்க சென்டர்ல மியூசியமும் இருக்கு, நம்பரையும் பேரையும் எழுதி அங்க ஒரு லெட்டர் போட்டுப் பாருங்க.

1914-18ன்னு போட்டிருக்கற பிரிட்டிஷ் வார் மெடல் அசல் வெள்ளி. 1980 ஜனவரியில உலகச் சந்தையில வெள்ளி அவுன்ஸ் 50 டாலர் பக்கம் போனப்ப இந்த மெடல்கள எடைக்குப் போட்டு உருக்கித் தள்ளிட்டாங்க, கூட இருந்த விக்டரி மெடல் வெண்கலம்ங்கறதால அது மட்டும் தப்பிச்சுது. இன்னைக்கு ஜோடி இல்லாம தனியா விக்டரி மெடல் நிறைய கிடைக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம். எடைக்குக் கேக்கறவருக்கு இதெல்லாம் தெரியாம இல்ல. இன்னொண்ணு, அதே வார் மெடல வெண்கலத்துலயும் அடிச்சாங்க, லேபர் கோர்ன்னு சொல்ற கூலிவேலைப் பிரிவுல போன இந்தியர், சீனர், மால்டாக்காரங்களுக்கு. அது எண்ணிக்கையில ரொம்பக் கம்மி, சேக்கறவங்க வெள்ளிய விட அதுக்குத்தான் அதிகமா தேடுவாங்க. வெள்ளி இல்லையேன்னு தூக்கிப் போட்டுடாதீங்க.

நட்சத்திரமா இருக்கறது ரெண்டு போர்லயும் உண்டு. 1914-15 ஸ்டாருக்கு பேரு பின்பக்கம் இருக்கும். பர்மா ஸ்டார் தாத்தாவோடது. இங்க ஒரு விஷயம் கவனிக்கணும், ரெண்டாம் போர் மெடல பிரிட்டன் தன்னோட சொந்தச் சிப்பாய்க்கு பேர் போடாம வெத்தா அனுப்பிச்சுது, ஆனா இந்தியா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா படைகளுக்கு குடுத்ததுல பேர் பொறிச்சிருந்துது. அதனால உங்க தாத்தா மெடல்ல நம்பரும் பேரும் இருந்தா அது யாருதுன்னு உறுதியா சொல்லலாம், லண்டன்ல ஒரு பேரனுக்கு அந்த வசதி இல்ல.

ரிப்பன் கிழிஞ்சிருந்தாலும் அப்படியே விடுங்க. காட்டன் துணியில சுத்தி, ஒண்ணோட ஒண்ணு உரசாம தனித்தனியா வைங்க, பிளாஸ்டிக் கவர் வேணாம். விக்கறதா இருந்தா ஒரே ஆளோட மெடல பிரிச்சு விக்காதீங்க, சேந்து இருந்தாத்தான் விலையும் உண்டு கதையும் உண்டு. முதல் போர் மெடலுக்கு நூறு வருஷம் தாண்டியாச்சு, 1972 தொல்பொருள் சட்டத்துல நூறு வருஷ கணக்கு ஒண்ணு இருக்கறதால வெளிநாட்டுக்காரருக்கு பார்சல் போடறதுக்கு முன்னாடி தொல்லியல் துறையில கேக்காம செய்யாதீங்க.

என் மனசுல பட்டத சொல்றேன், பணக்கஷ்டம் இல்லேன்னா விக்காதீங்க. நம்ம ஊர்ல எவ்வளவோ வீட்டுல இந்த மெடல் நகைக்கடை உலைக்குத்தான் போச்சு, அந்தப் பேரெல்லாம் இப்ப எங்கயுமே இல்ல.

கேள்வி: ஜெர்மன் ஹெல்மெட் ஒண்ணு ஆன்லைன்ல 15,000 ரூபாய்க்கு வருது, நாஜிங்களோட எஸ்.எஸ். படை சின்னம் ரெண்டு பக்கமும் பளிச்சுன்னு இருக்கு. ஒரிஜினலா? (சென்னை)

பதில்: பளிச்சுன்னு இருக்குங்கறதுதான் எனக்கு இடிக்குது. சாதாரண தரைப்படை ஹெல்மெட்டே ஒரிஜினலா இருந்தா வெளிநாட்டுல பல நூறு டாலர், எஸ்.எஸ்.னா அதுக்கும் பல மடங்கு. அந்த ரேட்டுக்கு இந்தியாவுக்குள்ள வந்து கிடைக்கறது நடக்கற காரியம் இல்ல.

விக்கறவர்கிட்ட உள்பக்க போட்டோ கேளுங்க. இடது ஓரத்துல உள்ள தொழிற்சாலை எழுத்தும் சைஸும் அடிச்சிருக்கும், "ஈடி 64", "க்யூ 64" இந்த மாதிரி, பின்பக்கம் ஒரு லாட் நம்பர். அது தகடுக்குள்ள இறங்கின அச்சா இருக்கணும். உள்ள எட்டு நாக்கு வச்ச தோல், நடுவுல கயிறு கட்டி இழுக்கற மாதிரி. வெளியில மூணே மூணு பின். 1942 மாடல்னா விளிம்பு மடிக்காம வெட்டின மாதிரியே இருக்கும், முந்தின மாடல்ல விளிம்ப உள்பக்கம் மடிச்சிருப்பாங்க. 42ன்னு சொல்லிட்டு மடிச்ச விளிம்ப காட்டினா பேச்ச அதோட நிறுத்திக்கங்க.

1945ல அமெரிக்க சிப்பாய்ங்க இந்த ஹெல்மெட்டு, கத்தியெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோக மேலதிகாரி கையெழுத்துப் போட்ட சர்டிபிகேட் வாங்கினாங்க. அந்தத் தாள் கூட இருந்தா பெரிய பலம், ஆனா தாளையும் போலியா அடிக்கறாங்க, தாள்ல எழுதியிருக்கற பொருளும் கையில இருக்கறதும் ஒண்ணுதானான்னு பாருங்க. சோலிங்கன் ஊர்ல போர் முடிஞ்ச கையோட மிச்சம் கெடந்த பாகங்கள கோத்து கத்தி செஞ்சு அமெரிக்கப் படைக்காரங்களுக்கே வித்திருக்காங்க. அதனால "அந்த சிப்பாயே ஜெர்மனியில இருந்து கொண்டு வந்தார்"ங்கறது உண்மையா இருந்தும் பொருள் போர்க்காலத்துது இல்லாம போகலாம்.

இன்னொண்ணும் சொல்லணும். ஜெர்மனியில இந்தச் சின்னத்த பொதுவுல காட்டறதே குற்றம், படிப்பு, ஆராய்ச்சி, கலை மாதிரி சில விஷயத்துக்கு மட்டும் விலக்கு. ஃப்ரான்ஸ்ல கோர்ட் கேஸ் ஆன பிறகு யாஹூ 2001ல நாஜி சாமான் ஏலத்த நிறுத்துச்சு, ஈபேயும் அதே வருஷம் தடை போட்டுச்சு. லட்சக்கணக்குல ஜனங்கள கொன்னவங்களோட சின்னம் அது, அழகா இருக்குன்னு ஷோகேஸ்ல வச்சு செல்ஃபி எடுக்கறதுக்காக வாங்கறதா இருந்தா வேணாம்னுதான் சொல்வேன்.

கேள்வி: ஜப்பான் வாள் ஒண்ணு தெரிஞ்சவர் வீட்டுல இருக்கு, பர்மாவுல இருந்து வந்ததாம். வாங்கலாமா? துரு பிடிச்சிருக்கு. (திருச்சி)

பதில்: துருவ தேய்க்கக்கூடாதுன்னு மொதல்ல அவர்கிட்ட சொல்லிடுங்க, குறிப்பா கைப்பிடிக்குள்ள மறைஞ்சிருக்கற பாகத்த. அந்த துருவோட நிறத்த வச்சுத்தான் வயசு சொல்றாங்க, வாள் அடிச்சவர் கையெழுத்தும் அங்கதான் இருக்கும். கைப்பிடியில ஒரு சின்ன மூங்கில் ஆணி இருக்கும், அத எடுத்தா கழண்டு வரும், ஆனா பழக்கம் இல்லாதவங்க சுத்தியல எடுத்துக்கிட்டு உக்காராதீங்க.

சார்ஜென்ட் வகையறா வாள்னா கைப்பிடி பெரும்பாலும் வார்த்த அலுமினியம், கயிறு சுத்தின மாதிரி அச்சும் பெயிண்டும்தான் இருக்கும், நிஜக் கயிறு இருக்காது. பிளேடுல ஒரு நம்பர் அடிச்சிருக்கும், அதே நம்பர் உறையிலயும் இருந்தா ரொம்ப நல்லது. இதத்தான் இப்ப ஜாஸ்தியா போலி பண்றாங்க. ஆபீசர் வாள்ல திருக்கை மீன் தோல் மேல நிஜமான கயிறு சுத்தியிருக்கும். ஃபேக்டரி பிளேடுதான் அதிகம், ஆனா சில ஆபீசருங்க பரம்பரை வாளையே ராணுவ உறையில போட்டு எடுத்துட்டு வந்தாங்க, அது மாட்டினா விலையே வேற.

வாள் ஆயுதச் சட்டத்துக்குள்ள வர்ற பொருள். உங்க மாவட்டத்துல லைசென்ஸ் வேணுமா வேணாமான்னு கலெக்டர் ஆபீஸ்ல கேட்டுட்டு அப்புறமா அட்வான்ஸ் குடுங்க.

கேள்வி: பித்தளை ஷெல்லுல (பீரங்கி குண்டோட வெத்து உறை) செஞ்ச பூச்சாடி, முதல் போர்னு சொல்றாங்க. (மதுரை)

பதில்: கவுத்துப் பாருங்க, அடியில வருஷமும் தொழிற்சாலையும் இருக்கும். அது ஷெல் அடிச்ச வருஷம், பூவேலை செஞ்ச வருஷம் இல்ல. போர் முடிஞ்சு 1920கள்ல பெல்ஜியத்துல ஈப்ரு பக்கம் கல்லறை பாக்க வந்த ஜனங்களுக்கு விக்கறதுக்குன்னே நிறைய செஞ்சாங்க. அழகா இருந்தா பித்தளை விலைக்குக் கொஞ்சம் மேல போட்டு வாங்குங்க. உள்ள மருந்து, முனையில குண்டு எதாவது இருந்தா கையே வைக்காதீங்க, போலீசுக்கு போன் பண்ணுங்க.

கேள்வி: எம்டன் போட்ட குண்டோட துண்டுன்னு ஒரு இரும்பும், எம்டன் வெள்ளிக்காசு மெடலும் சேத்து தர்றேங்கறார் ஒருத்தர். (சென்னை)

பதில்: ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் மேல சுட்டது நிஜம், பர்மா ஆயில் கம்பெனி டேங்க் பத்தி எரிஞ்சதும் நிஜம், அப்பவே ஜனங்க துண்டு பொறுக்கி வச்சிக்கிட்டதும் நிஜம். ஆனா துருப்பிடிச்ச இரும்புல எந்த அடையாளமும் இருக்காது. அந்தக் குடும்பத்துல பழைய லெட்டரோ போட்டோவோ இல்லேன்னா வெறும் இரும்புக்கு காசு குடுக்காதீங்க. கோட்டை மியூசியத்துல எம்டன் குண்டுத் துண்டு வச்சிருக்காங்க, மொதல்ல போயி அதோட கனம், உடைஞ்ச விதம் எல்லாத்தையும் கண்ணால பாத்துட்டு வாங்க.

காசு விஷயம் வேற. நவம்பர் 9 ஆஸ்திரேலியாவோட சிட்னி கப்பல் எம்டன கோக்கோஸ் தீவுல வச்சு முடிச்சப்ப, உள்ள இருந்த மெக்ஸிகோ வெள்ளி டாலர எடுத்து, அதுல சுமார் ஆயிரம் காச பிரிச்சு, ஒவ்வொண்ணோட தலைமாட்டுலயும் ஒரு கிரீடமும் பட்டையும் வச்சு சிட்னி ஊர் நகைக்கடையில மெடலாக்கினாங்க, கப்பல்காரங்களுக்கு குடுத்தாங்க. மெக்ஸிகோ காசு தனியா இன்னைக்கும் சுலபமா கிடைக்குது, கிரீடத்த ஒட்டறதுதான் மிச்சம். ஒட்டின இடத்த லென்ஸ் வச்சுப் பாருங்க, காசோட தேய்மானமும் மேல இருக்கற பட்டையோட தேய்மானமும் ஒத்துப் போகுதான்னு பாருங்க. காசு நல்லா தேஞ்சு பட்டை மட்டும் கூர் மழுங்காம இருந்தா விட்டுடுங்க. நேர்ல காட்ட மாட்டேன், பணத்த மொதல்ல போடுன்னா அப்பவும் விட்டுடுங்க.