காக்கையும் பனம்பழமும்

அன்புள்ள சார்,

போன வாரம் ஒரு கண்காட்சியில் விஆர் என்கிற மெய்நிகர் உலகம் காட்டும் கண்ணாடியை மாட்டிப் பார்த்தேன். இருட்டில் ஒரு குளம். கையை நீட்டினேன், எதிர்க்கரையில் ஒரு விளக்கு எரிந்தது. சில தடவை எரியவில்லை, கையைச் சரியாக நீட்டவில்லை என்று நினைத்துக்கொண்டேன். வெளியே வந்ததும் அங்கிருந்த பையன், "விளக்கு அதுபாட்டுக்கு எரியும், உங்கள் கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்றான். ஏமாந்த மாதிரி இருந்தது. இதெல்லாம் கலையா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. கேலியாகத்தான் சொல்கிறோம், ஆனால் உட்கார்ந்த அதே நொடியில் பழம் விழுந்தால் கேலி செய்கிறவர் கண்ணுக்கும் முதலில் காக்கைதான் தள்ளியதாகத் தெரியும். தற்செயல் என்பது அப்புறம் யோசித்துச் சொல்வது.

பெல்ஜிய உளவியலாளர் ஆல்பர்ட் மிஷோட் 1946-இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் சொன்னார். ஒரு சதுரம் வந்து இன்னொன்றைத் தொட்டு நிற்கிறது, உடனே இரண்டாவது கிளம்புகிறது. 'தள்ளிவிட்டது' என்கிறார்கள் பார்த்தவர்கள். அங்கே சதுரமே கிடையாது, சுழலும் தட்டில் வரைந்த கோடுகளை ஒரு இடுக்கு வழியாகப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். இது தெரிந்த பிறகும் தள்ளியதாகவே தெரியும் என்பதுதான் வேடிக்கை. ஆனால் இரண்டாவது சதுரம் கிளம்ப ஐந்தில் ஒரு விநாடி தாமதித்தால் போதும், தள்ளியதாகத் தோன்றாது.

விஆர் கலைஞரின் பிழைப்பு அந்தச் சின்ன இடைவெளிக்குள் நடக்கிறது. படம் எவ்வளவு துல்லியம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. கனடாவின் ஷார் டேவிஸ் 1995-இல் செய்த 'ஆஸ்மோஸ்' படைப்பில் மரமும் இலையும் ஊடுருவித் தெரியும், நிஜம்போல இருக்க முயலவே முயலாது. மார்பில் கட்டிய கருவி மூச்சை அளக்கும். இழுத்தால் மேலே போவீர்கள், விட்டால் கீழே இறங்குவீர்கள். அவர் ஸ்கூபா டைவிங் செய்தவர், அந்தப் பழக்கத்திலிருந்து எடுத்தது. மூச்சும் மிதப்பும் அப்படி ஒட்டிக்கொண்ட பின் படம் நிஜம்போல இல்லை என்று யார் கவலைப்படப் போகிறார்கள்?

பிரிட்டனின் டீஸைட் பல்கலைக்கழகத்தில் மார்க் கவாஸா குழு 2000-களில் இன்னும் குறும்பாக ஒன்று செய்தது. அன்ரியல் என்கிற, வீடியோ விளையாட்டுகளை இயக்கும் மென்பொருளில் இரண்டு பொருள்கள் மோதும்போது வழக்கமான விளைவை இடைமறித்து, அதன் இடத்தில் வேறொன்றை நிகழவைத்தார்கள். மனம் அதையும் காரணமாகக் கோத்துக்கொள்ளும்.

உங்கள் குளத்தில் அந்தக் கோக்கிற வேலையை முழுக்க உங்களிடமே விட்டுவிட்டார்கள். விளக்கு எரியாதபோது கையைத்தான் குறை சொன்னீர்கள், பாருங்கள், எனக்கு உங்கள் கடிதத்தில் அந்த வரிதான் பிடித்தது. அந்தப் பையன் கொஞ்சம் சும்மா இருந்திருக்கலாம்.