இருளர் குடியிருப்பில் பள்ளி: புல் வேய்ந்த கூரை வேண்டாம்

வணக்கம். சத்தியமங்கலம் மலைப்பகுதியில் இருளர் குழந்தைகளுக்காக நீங்கள் வடிவமைக்கும் தொடக்கப்பள்ளிக்குக் குடிசை போலவே புல் வேய்ந்த கூரை வேண்டுமென நிதி தருவோர் வற்புறுத்துவதாகவும், ஊர்ப் பெரியவர்கள் தயங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். பெரியவர்கள் பக்கமே நில்லுங்கள். 2004 ஜூலையில் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைப் பலிகொண்ட பிறகு, பள்ளிக்கு வேய்ந்த கூரை என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது என் உறுதியான கருத்து.

குடிசையின் உருவத்தை நகலெடுப்பதைவிட, அம்மக்கள் கட்டடத்தை எப்படிப் புழங்குகிறார்கள் என்று கவனிப்பதே முக்கியம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், சாலிஷ் என்னும் பழங்குடி மக்களுக்காக பட்காவ் கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்து 1991இல் நிறைவுற்ற சீபேர்டு ஐலண்ட் பள்ளி இதற்கு நல்ல சான்று: வடக்கே குளிர்காற்றுக்கு முதுகைக் காட்டும் பெரிய கூரை, தெற்கே வெயிலை வாங்கி ஊரை நோக்கித் திறக்கும் நீண்ட தாழ்வாரம். சிக்கலான மரச்சட்டகத்தைக் கட்டுவோர் எளிதில் புரிந்துகொள்ள, வரைபடங்களோடு மாதிரி ஒன்றையும் செய்து தந்தார்கள். நீங்களும் அப்படி ஒன்று செய்து ஊராரின் முன் வையுங்கள். வரைபடத்தைப் பார்த்துப் பேசத் தயங்குபவர்களும் மாதிரியைத் தொட்டுக் காட்டிப் பேசுவார்கள்.

உங்கள் இடத்துக்கு ஓட்டுக் கூரையும், பெற்றோர் வந்து உட்காரும் அகலமான திண்ணையும் பொருந்தும். தகரம் வேண்டாம், அடைமழையில் ஆசிரியர் குரல் முன்வரிசைக்கே எட்டாது. சமையற்கூடத்தை வகுப்பறைகளிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். சுற்றுச்சுவர் கட்டாயமா என்றும் கேட்டிருந்தீர்கள்: 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை வேலியையும் ஏற்கிறது. ஆனால் யானை நடமாட்டம் எந்த வழியில் என்பதை ஊராரிடம் கேட்டறிந்த பிறகே இடத்தை முடிவு செய்யுங்கள்.