எட்டு கோர் என்றால் எட்டும் ஒன்றா?

கே: இரண்டு போன் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டிலும் 'ஆக்டா கோர்' என்றுதான் போட்டிருக்கிறது. விலை குறைந்ததையே வாங்கிவிடலாமா? - வாசகர், கரூர்

ப: எட்டு பேர் என்று சொன்னால் போதுமா, யார் அந்த எட்டு பேர் என்று கேட்க வேண்டாமா? கோர் என்பது சிப்புக்குள் கட்டளைகளைச் செய்து முடிக்கும் ஒரு தனி மூளை. மீடியாடெக் ஹீலியோ ஜி35 சிப்பில் எட்டுமே கார்டெக்ஸ் ஏ53 என்ற வகைக் கோர். ஆர்ம் நிறுவனம் 2012இல் அறிவித்த வடிவமைப்பு அது. ரேஷன் கடை வரிசை மாதிரி, முன்னால் நிற்கும் கட்டளை மெமரிக்காகக் காத்திருந்தால் பின்னால் உள்ளதும் நிற்கும். அதே மீடியாடெக்கின் ஹீலியோ ஜி99 சிப்பிலும் எட்டுதான். ஆனால் அதில் இரண்டு, ஏ76. தயாராக இருக்கும் கட்டளையை முந்தவிட்டு வேலையை முடிக்கிற ரகம். மீதி ஆறும் சிக்கனமான ஏ55. ஒரு ஆப் திறக்கும் வேகம் பெரும்பாலும் ஒன்றிரண்டு கோர்களின் கையில்தான் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், கிகாஹெர்ட்ஸ் கணக்கில் ஜி35தான் மேலே: 2.3க்கு 2.2. அதை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். கோரின் பெயரைப் பாருங்கள்.

கே: கடையில் கொடுத்து போனுக்கு ரேம் ஏற்ற முடியுமா? - வாசகர், தேனி

ப: போர்டில் தகர மூடியைத் தூக்கினால் விரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புச் சதுரம் தெரியும். விலை கூடிய போன்களில் நம் கண்ணில் படுவது ரேம். பிராசஸர் அதற்கு அடியில் ஒட்டிக்கிடக்கும். பட்ஜெட் போன்களில் ரேமும் ஸ்டோரேஜும் பெரும்பாலும் ஒரே ஐசி. அதைக் கழற்றினால் உங்கள் போட்டோக்களும் கூடவே போகும். ஹீட் கன் வைத்து மாற்றித் தருபவர்கள் உண்டு. எனக்கு அந்தத் துணிச்சல் கிடையாது. அப்புறம், செட்டிங்ஸில் வரும் 'விர்ச்சுவல் ரேம்' ஸ்டோரேஜில் கொஞ்சம் ஒதுக்குவதுதான். நிஜ ரேமின் வேகம் வராது.

கே: போன் சிப்பில் போடும் 4 நானோமீட்டர் என்பது நிஜ அளவா? - வாசகர், ஆவடி

ப: இல்லை, சிப் செய்யும் தொழில்நுட்பத்தின் தலைமுறைக்கு வைத்த பெயர். பெயர் ஒன்றாக இருந்தாலும் சரக்கு ஒன்றாக இருக்காது. குவால்காமின் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1 சிப்பை சாம்சங் 4 நானோமீட்டரில் செய்தது. 2022இல் வந்த 8 பிளஸ் ஜென் 1, அதே கோர்களுடன் தைவானின் சிப் தயாரிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சியின் 4 நானோமீட்டரில் வந்தது. பின்னது மின்சாரத்தைக் கணிசமாகக் குறைவாகத் தின்றது.

கே: கேம் ஆடினால் பதினைந்தாவது நிமிடம் இழுக்கிறது. - வாசகர், திருச்சி

ப: சூடு. சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. கவரைக் கழற்றுங்கள், சார்ஜ் போட்டபடி ஆடாதீர்கள்.

கே: ஸ்மார்ட் டிவியில் ஆப்கள் திணறுகின்றன. புது டிவி வாங்கவா? - வாசகர், மதுரை

ப: திரை நன்றாக இருந்தால் வேண்டாம். திணறுவது உள்ளே இருக்கும் சின்ன சிப்பும் போதாத ரேமும்தான். எச்டிஎம்ஐ ஓட்டையில் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் செருகினால் சரியாகிவிடும். வாங்கும்போது ஏவி1 (வீடியோவைச் சுருக்கி அனுப்பும் ஒரு முறை) வீடியோவை ஹார்டுவேரிலேயே டிகோட் செய்யுமா, அதாவது சிப்பே நேரடியாக விரித்துக் காட்டுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.