குதிரை ஏறப் போனவள் குளம்பு கழுவுகிறாள்

கேள்வி: மகளைக் குதிரையேற்ற கிளப்பில் சேர்த்து மூன்று ஞாயிறு ஆகிறது. குதிரையைத் தேய்க்கிறாள், குளம்பில் சேறு எடுக்கிறாள், ஏற்றினாலும் கயிற்றில் பிடித்து வட்டமடிக்க விடுகிறார்கள். பணம் வீண்தானா?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: வீணில்லை அம்மா, நல்ல இடம்தான் போலிருக்கிறது. நம்ம ஐப்பசி மழைச் சேறு குளம்பின் அடிப்பள்ளத்தில் அடைந்து கிடந்தால் அழுகி நாறும், குதிரை நொண்டும். அதனால் வளைந்த கொக்கியால் குதிகால் பக்கத்திலிருந்து நுனியை நோக்கிச் சுரண்டி எடுப்பதுதான் முதல் பாடம். கயிற்று வட்டம் இன்னும் முக்கியம். கடிவாளத்தைத் தொடாமலே உடம்பு நிதானப்பட வேண்டும், இல்லாவிட்டால் விழாமலிருக்கப் பிள்ளை கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கும், வலி குதிரையின் வாய்க்குத்தான். அப்புறம்தான் நடை, துள்ளுநடை, ஓட்டம் எல்லாம்.

நீங்கள் கேட்க வேண்டியது வேறு: தாடைப் பட்டை போட்ட ஹெல்மெட் தருகிறார்களா? செருப்போடு ஏற்றினால் சண்டையே போடுங்கள், சின்னக் குதிகால் வைத்த மூடிய ஷூ வேண்டும், இல்லையென்றால் பாதம் அங்கவடிக்குள், அதாவது சேணத்தில் தொங்கும் கால்வளையத்துக்குள், நழுவி மாட்டிக்கொள்ளும். வெல்லமோ கேரட்டோ கொடுக்க ஆசைப்பட்டால் உள்ளங்கையை விரித்து நீட்டச் சொல்லுங்கள், விரலுக்கும் கேரட்டுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.