யோசிக்காமல் தலையாட்டுவது ஏன்? – கேள்வி பதில்

கேள்வி: காரணம் என்று எதையாவது சொன்னாலே ஜனங்கள் சம்மதித்துவிடுவார்களாமே, நிஜமா?

பதில்: பாதி நிஜம். உளவியலாளர் எலன் லாங்கரும் சகாக்களும் 1978-இல் வெளியிட்ட ஆய்வு அது. நகலெடுக்கும் இயந்திரத்தை நெருங்கியவரிடம் போய், "ஐந்து பக்கம்தான், நான் முதலில் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டார்கள். 60 சதவீதம் பேர் வழிவிட்டார்கள். "அவசரமாக இருக்கிறேன்" என்று சேர்த்ததும் அது 94 ஆனது. "நகல் எடுக்க வேண்டியிருக்கிறது" என்ற உப்புச்சப்பில்லாத காரணத்துக்கும் 93!

மேடையில் பேசுகிறவர்கள் இதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு மீதிக் கதைதான் பிடிக்கும். இருபது பக்கம் என்று கேட்டபோது வெற்றுக் காரணம் எடுபடவில்லை. சொன்னவருக்கும் 24, ஒன்றுமே சொல்லாதவருக்கும் 24. உண்மையான காரணத்துக்கு மட்டும் 42. நமக்கு நஷ்டம் கொஞ்சம்தான் என்றால் காரணத்தைக் காதில் வாங்குவதோடு சரி. நிறைய என்றால்தான் எடைபோடுகிறோம்.

கேள்வி: அப்படியானால் பெரிய விஷயங்களில் ஏமாற மாட்டோம்?

பதில்: ஏமாறுவோம், சிறிசாக ஆரம்பித்தால். ஃப்ரீட்மன், ஃப்ரேசர் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1966-இல் வெளியிட்ட ஆய்வில், 'கவனமாக ஓட்டுங்கள்' என்ற பெரிய, அசிங்கமான பலகையை வீட்டு முன் நட அனுமதி கேட்டார்கள். நேரடியாகக் கேட்டதற்கு 17 சதவீதம் பேர்தான் ஒத்துக்கொண்டார்கள். இரண்டு வாரம் முன்பே அதே விஷயத்துக்காக ஒரு குட்டி அட்டையை வைக்கச் சம்மதித்திருந்த குழுவில் 76!

கேள்வி: பேரத்தில் எதிராளி முதலில் சொல்லும் தொகை நம்மைப் பாதிக்குமா?

பதில்: சம்பந்தமே இல்லாத எண்கூடப் பாதிக்கும். உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானமனும் 10 அல்லது 65-இல் மட்டும் நிற்கும்படி ஒரு சக்கரத்தைச் செய்துவைத்து, அதைச் சுழற்றிவிட்டு, ஐ.நா.வில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10 பார்த்தவர்களின் நடுத்தர விடை 25. 65 பார்த்தவர்களுக்கு 45. அதனால் உங்கள் தொகையைப் பேச்சு தொடங்கும் முன்பே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பேசாமல் எல்லாவற்றையும் யோசித்தே செய்தால் என்ன?

பதில்: பல் தேய்த்து முடிக்கவே மதியமாகிவிடும்.

கேள்வி: சரி, எப்போதுதான் சுதாரிப்பது?

பதில்: எதிராளி அவசரப்படுத்தும்போது. "நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள். அப்புறம், "முன்பு அந்தச் சின்ன உதவியைச் செய்யாமல் இருந்திருந்தால், இதற்கு ஒத்துக்கொள்வேனா?" என்று உங்களையே கேளுங்கள். மாட்டேன் என்று தோன்றினால், முன்பு ஒத்துக்கொண்டதை நினைத்துக் கூச்சப்பட வேண்டாம்; மறுத்துவிடலாம்.