பார்க்காத அறைக்குப் பணம் அனுப்பாதீர்கள்: புதிய மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஆகஸ்ட் சேர்க்கை நெருங்குவதால், இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தமிழகத்திலிருந்து சிங்கப்பூருக்குப் படிக்க வரவிருக்கும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் எழுதியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: சிங்கப்பூர் வருகை அட்டையை நிரப்பித் தர ஓர் இணையத்தளம் 4,000 ரூபாய் கேட்கிறது. கட்டலாமா? (மாணவி, மதுரை)

பதில்: கட்ட வேண்டாம். அது இலவசம். குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் இணையத்தளத்தில், வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாள்களுக்குள் நீங்களே நிரப்பலாம்.

கேள்வி: மகனுக்குப் பல்கலைக்கழக விடுதியில் இடம் கிடைக்கவில்லை. கிளமெண்டியில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மாதம் 900 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) அறை இருப்பதாக வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் படம் போட்டிருந்தார். அவரும் எங்கள் ஊர்ப்பக்கத்தவர்தான். இரண்டு மாத முன்பணத்தை இப்போதே அனுப்பினால் சாவியை விமான நிலையத்திலேயே கொடுத்துவிடுவாராம். ஒப்பந்தம் எதுவும் தேவையில்லை, இரண்டு மாதம் தங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்கிறார். அனுப்பலாமா? (தந்தை, திருச்சி)

பதில்: அனுப்பாதீர்கள். இதே பகுதியில் எத்தனையாவது முறையாக இதை எழுதுகிறேன் என்று எனக்கே நினைவில்லை. அந்த ஊர்ப்பக்கத்தவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் சொல்லும் ஏற்பாடு சட்டத்துக்குப் பொருந்தவில்லை. வீவக வீட்டையோ அறையையோ வாடகைக்கு விடுவதென்றால் குறைந்தது ஆறு மாதம். தனியார் அடுக்குமாடி வீடென்றால் மூன்று மாதம். ஆகவே ‘இரண்டு மாதம் தங்கிப் பார்க்கலாம்’ என்று ஒருவர் சொன்ன உடனேயே அவருக்கு விதி தெரியவில்லை, அல்லது தெரிந்தே மீறுகிறார் என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளலாம்.

அடுத்து, அவர் வீட்டின் உரிமையாளர்தானா? அறைக்கு வாடகைதாரராக இருக்கும் ஒருவர் அதே அறையை இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விட முடியாது. உரிமையாளரும் அறையை மட்டும் வாடகைக்கு விடுகிறாரென்றால் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். முன்கூட்டியே வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் ஒப்புதலும் பெற்றிருக்க வேண்டும். அந்த ஒப்புதலைக் காட்டும்படி கேளுங்கள்; கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. இடையில் முகவர் ஒருவர் இருந்தால், சொத்து முகவர்களுக்கான மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் அவருடைய பெயரும் கைபேசி எண்ணும் உள்ளனவா என்று பாருங்கள். பதிவுபெற்ற முகவராகவே இருந்தாலும் வீவக வீட்டு வாடகைப் பணத்தை அவர் தம் கையில் வாங்கக் கூடாது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

இவ்வளவு கடுமையாக எழுதக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நான் முதன்முதலாக அறை தேடியபோது, நம்மவர்தானே என்று ஒருவரை நம்பி 400 வெள்ளியைக் கொடுத்துவிட்டு, சொன்ன புளோக்கில் சொன்ன மாடியில் போய்க் கதவைத் தட்டினேன். திறந்த மூதாட்டிக்கு அப்படியொரு வாடகை அறை பற்றி எதுவுமே தெரியவில்லை. மகன் வந்திறங்கியதும் முதல் ஒன்றிரண்டு வாரத்துக்கு உரிமம் பெற்ற தங்குவிடுதி ஒன்றில் தங்கட்டும். அறையை நேரில் பார்க்கட்டும். ஏர்கான் எத்தனை மணி நேரம் போடலாம், மின்சார, தண்ணீர்க் கட்டணத்தை யார் கட்டுவது, சமையலுக்கு அனுமதி உண்டா, ‘லைட் குக்கிங்’ என்றால் சாம்பார் அதில் அடங்குமா என்பதையெல்லாம் கேட்டு ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளட்டும். ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகையை முன்பணமாகக் கேட்பதுதான் பொதுவான வழக்கம். முத்திரை வரி மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, 900 வெள்ளி அறைக்கு ஓராண்டுக்கு 40 வெள்ளிச் சொச்சம்தான் வரும். அதை மிச்சம்பிடிக்க நினைத்து ஒப்பந்தமே இல்லாமல் குடிபுகுந்துவிட்டு, பிறகு முன்பணம் திரும்பவில்லை என்று எனக்கு எழுதுவதில் பயனில்லை. ஐயம் இருந்தால் பணம் அனுப்புவதற்கு முன் 1799 என்ற மோசடித் தடுப்பு எண்ணை அழைத்துக் கேளுங்கள்.

கேள்வி: எனக்குப் பகுதிநேர வேலை செய்ய அனுமதி உண்டா? (வாசகர், சேலம்)

பதில்: எந்தக் கல்வி நிலையம், முழுநேரப் படிப்பா என்பதைக்கூட எழுதாமல் இப்படிக் கேட்டால் நான் எப்படிப் பதில் சொல்வது? மனிதவள அமைச்சின் பட்டியலில் உள்ள பல்கலைக்கழகம், பலதுறைத் தொழிற்கல்லூரி போன்றவற்றில் முழுநேரமாகப் படிக்கும் மாணவர் அனுமதி அட்டைதாரர் பாடத் தவணையின்போது வாரத்துக்கு 16 மணி நேரம் வரையும், விடுமுறையில் அந்த வரம்பின்றியும் வேலை செய்யலாம். தனியார் பள்ளிகளில் படிப்போருக்குப் பொதுவாக அந்தச் சலுகை இல்லை. சிராங்கூன் சாலையில் மாமாவின் மளிகைக்கடையில் ‘சும்மா உதவியாக’ நிற்பதும் வேலைதான். பிடிபட்டால் அட்டை போய்விடும்.

கேள்வி: கல்விக் கட்டண மானிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டேன். படிப்பு முடிந்ததும் ஊர் திரும்பலாம் அல்லவா? (பொறியியல் மாணவர், கோவை)

பதில்: கையெழுத்திட்ட பிறகுதான் படிக்கத் தோன்றியதா? கல்வி அமைச்சின் மானியத்தைப் பெறும் வெளிநாட்டு மாணவர் பட்டம் பெற்றபின் மூன்றாண்டு இங்கே வேலை செய்யக் கடமைப்பட்டவர். மீறினால் மானியத் தொகையை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டிவரும். உங்களுக்காகப் பிணைக் கையெழுத்துப் போட்ட சித்தப்பாவையும் அது பாதிக்கும். இப்போதாவது முழு ஒப்பந்தத்தையும் அவரோடு உட்கார்ந்து படியுங்கள்.

கேள்வி: தமிழ் மட்டும் தெரிந்தால் சமாளிக்க முடியுமா? (மாணவர், திருநெல்வேலி)

பதில்: தேக்கா சந்தையில் மீன் வாங்க முடியும். தமிழ் இங்கே நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று, பெயர்ப்பலகைகளிலும் பார்ப்பீர்கள். ஆனால் வாடகை ஒப்பந்தம் ஆங்கிலத்தில்தான் இருக்கும், மேலே எழுதியதை மீண்டும் படியுங்கள்.

கேள்வி: அறை மாறினால் யாரிடமாவது சொல்ல வேண்டுமா? (மாணவி, ஜூரோங்)

பதில்: ஆம். 14 நாள்களுக்குள் குடிநுழைவு ஆணையத்தில் புதிய முகவரியைப் பதிவு செய்துவிடுங்கள்.

கேள்வி: மகளுக்கு மாத்திரைகள், மசாலா, கொஞ்சம் கசகசா எல்லாம் கட்டி வைத்திருக்கிறேன். சிக்கல் வருமா? (தாய், தஞ்சாவூர்)

பதில்: சொந்த உபயோகத்துக்கான மாத்திரைகள் மூன்று மாதத்துக்கு மேற்படாமல், மருத்துவரின் சீட்டோடு இருக்கட்டும், தூக்க மாத்திரையோ கோடீன் கலந்த இருமல் மருந்தோ இருந்தால் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன்அனுமதி தேவைப்படக்கூடும். மசாலாவுக்குத் தடையில்லை. கசகசாவை மட்டும் இன்றே பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். இங்கே அது தடைசெய்யப்பட்ட பொருள். குருமாவுக்கு முந்திரியை அரைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.